நாங்களே கேட்டு வாங்கிய பிரிவு

மகள் புறப்படுவதற்கு முந்தைய இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பயணப் பெட்டியை ஏழு முறை நிறுத்துப் பார்த்தோம். விமானத்தில் நாங்கள் பணம் கட்டி வாங்கியிருந்த சுமை அளவு 20 கிலோ. வீட்டிலிருந்த பழைய தராசின் மேல் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பார். முள் காட்டும் எண்ணிலிருந்து அவருடைய எடையை நான் கழித்துச் சொல்வேன். முதல் முறை 24 கிலோ வந்தது. மகள் ஒன்றும் பேசாமல் இரண்டு புத்தகங்களை எடுத்து வெளியே வைத்தாள். நான் அவற்றைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு ஒரு துண்டையும் ஒரு போர்வையையும் எடுத்தேன். என் அம்மா நாற்காலியில் அமர்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கொடுத்தனுப்பிய பொருள்களில் எதையும் தொட எனக்கு மனம் வரவில்லை. அரைத்த மிளகாய்த்தூள் இரண்டு பொட்டலம், பருப்புப் பொடி, வறுத்த நெத்திலி, நார்த்தங்காய் ஊறுகாய், கோடாலித் தைலம் மூன்று புட்டி, மைலோ டின்னில் திருநீறு என்று அவர் ஒரு வாரமாகச் சேர்த்து வைத்தவை அவை. ஏழாவது முறை 19.8 என்று வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே, சுண்ணாம்புக் குன்றுகளும் பால்மரம் என்னும் ரப்பர் மரக் காடுகளும் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்த ஊர். அம்மா முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் சீவியவர். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள். ஆறாம் படிவத்து இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது, பட்டியலின் முதல் இடங்களில் பினாங்கை எழுதச் சொன்னது நான்தான். பினாங்கு என்றால் வெள்ளிக்கிழமை மாலை ரயில் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம் என்பது என் கணக்கு. அதற்குக் கீழே அவளாகவே ஒன்றை எழுதியிருந்தாள். கோத்தா கினாபாலுவில் உள்ள மலேசிய சபா பல்கலைக்கழகம், கடல் அறிவியல். அதுதான் கிடைத்தது.

முடிவு வந்த அன்று நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது மகிழ்ச்சியில் வந்த அழுகை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாதி அளவுக்கு அது உண்மையும்கூட. அம்மா மட்டும் நகராமல் உட்கார்ந்திருந்து, சிறிது நேரம் கழித்துக் கேட்டார்: "அது கடலுக்கு அந்தப் பக்கமா?" ஆமாம் என்றேன். "நம்ம குடும்பத்துல கடல் தாண்டுன யாரும் திரும்பி வந்ததில்லம்மா" என்றார்.

அதை அபசகுனம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது எங்கள் குடும்பத்தின் வரலாறு. அம்மாவைப் பெற்ற ஆயா 1930களில், பதினாறு வயதுப் பெண்ணாக, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக் கரைக்கு வந்தவர். கரை இறங்குமுன் பயணிகளை ஜெரெஜாக் தீவில் தடுத்து வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்புவார்கள். மூன்று ஆண்டு வேலை செய்து காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஆயா வந்தார். அவருடைய தாயார் இறந்த செய்தி கடிதமாக வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்ததாம். அடுத்ததாகக் கடல் தாண்டியவர் என் பெரிய மாமா, எதிர்த்திசையில். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்று ஆனபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்குத் திரும்பிப் போனார்கள். பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டு, பார்த்தே இராத ஊருக்குப் போன அவரும் ஓர் அனுமதிச் சீட்டு இல்லாத காரணத்தால் போனவர்தான். அம்மா அவரை அதன்பிறகு பார்க்கவே இல்லை.

மூன்றாவது பிரிவில் யாரும் கடல் தாண்டவில்லை, ஆனால் அது எனக்கு நினைவு தெரிந்து நடந்தது. தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரைப் பங்கு சேரச் சொன்னதற்குக் காரணமே, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும்போது எங்கள் மக்கள் தெருவில் நிற்கக்கூடாது என்பதுதான். தாத்தா அதில் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் கட்டியவர். ஆனால் நாங்கள் வாழ்ந்த தோட்டம் சங்கத்தின் தோட்டம் அன்று. 1996இல் அது கைமாறியது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் அம்மா வைத்து வளர்த்த முருங்கை மரமும், அப்பா போட்ட கோழிக் கூண்டும், நாங்கள் துணி காயப்போட்ட கம்பியும் இருந்த இடம் சில வாரங்களில் வெறும் செம்மண்ணாகிவிட்டது.

அந்த ஆண்டுதான் எனக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. குடிபெயர்வதற்கும் பட்டணத்தில் வாடகை வீடு பிடிப்பதற்கும் கையில் இருந்த காசெல்லாம் போய்விட்டது. அப்பா என்னிடம் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகத்தான் அந்தக் கடிதத்தை மடித்துப் பழைய பாடப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டுத் தற்காலிக ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தேன். பிறகு ஆசிரியர் பயிற்சியும் முடித்து, நிரந்தர வேலையும் கிடைத்து, இன்று வரை மனநிறைவோடு பணி செய்கிறேன். இருந்தாலும், மகளுக்கு இடம் கிடைத்த கடிதத்தை அச்சிட்டுக் கையில் எடுத்தபோது என் மனத்தில் முதலில் எழுந்தது பெருமை அன்று, பொறாமை. பெற்ற பிள்ளைமீது பொறாமை கொள்கிற தாய் உண்டா என்று நினைத்து அன்றிரவு முழுவதும் உறக்கம் வரவில்லை. உண்டு என்றுதான் இப்போது எழுதுகிறேன். அந்தப் பொறாமை இரண்டு மூன்று நாள் இருந்தது. பிறகு அது இருந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்று இன்னும் எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்தக் குழப்பம்தான். எங்கள் குடும்பத்தில் இதுவரை நடந்த எல்லாப் பிரிவுக்கும் ஒரு காரணகர்த்தா இருந்தார். ஆயாவின் பிரிவுக்குப் பஞ்சத்தையும் கங்காணியையும் திட்டலாம். மாமாவின் பிரிவுக்குச் சட்டத்தை நொந்துகொள்ளலாம். எங்கள் வீடு போனதற்குத் தோட்டத்தை விற்றவர்மீது கோபப்படலாம்; அப்பா சாகும் வரைக்கும் கோபப்பட்டுக்கொண்டுதான் இருந்தார். அழுகையோடு கோபமும் சேர்ந்து வரும்போது மனிதருக்கு அதில் ஒரு பிடிமானம் கிடைத்துவிடுகிறது. இந்தப் பிரிவை யார்மீது நான் சுமத்துவேன்? ஆறாம் படிவத்தில் அவளை விடியற்காலையில் எழுப்பிப் படிக்க வைத்தது நான். விண்ணப்பப் படிவத்தை மூன்று முறை சரிபார்த்தது நான். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, முருகா, இவளுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று கேட்டதும் நான். நாங்களே கேட்டு வாங்கிய பிரிவு இது. கேட்டது கிடைத்துவிட்ட பிறகு அழுவதற்கு ஒரு நியாயம் வேண்டியிருக்கிறது. அந்த நியாயம் எனக்குக் கிடைக்கவில்லை, அழுகை மட்டும் வருகிறது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடனுக்கு விண்ணப்பித்தோம். ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் கல்விக்கென்று எடுக்க அனுமதி உள்ள தொகையையும் கணவர் எடுத்தார். அந்தச் சேமநிதி என்பது அவருடைய முதுகு வலி. அதை அவர் ஒரு முறைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

எல்லோரும் கோத்தா கினாபாலு வரை போக வசதி இல்லாததால் நான் மட்டும் அவளோடு போவதென்று முடிவாயிற்று. சுங்கை சிப்புட் நிலையத்தில் ரயில் ஏறும்போது, கணவர் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்கி, நடைமேடையில் நின்று மகளின் சன்னலைத் தட்டி ஏதோ சொன்னார். கண்ணாடி வழியே ஒன்றும் கேட்கவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டபோது, தெரியாது என்றாள், ஆனால் அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறியிருந்தது. நானும் வற்புறுத்தவில்லை.

கோலாலம்பூரிலிருந்து இரண்டரை மணி நேரம் பறந்து இறங்கினோம். ஒரே நாட்டுக்குள்தான் பயணம் என்றாலும் சபாவுக்குள் நுழைய நம்மைப் போன்ற தீபகற்பத்தார் குடிநுழைவு முகப்பில் ஐசி என்று நாங்கள் சொல்லும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அங்கே ஒரு சிறு சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோது ஆயா ஜெரெஜாக்கில் இறங்கிய நாளும், மாமாவுக்குக் கிடைக்காமல் போன அனுமதிச் சீட்டும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மகளுக்கு அந்த எண்ணமே இல்லை. வரிசையில் நின்றபடியே தன் அலைபேசியில் விடுதிக்குப் போக வண்டி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்கலைக்கழக வளாகம் செப்பாங்கார் விரிகுடாவைப் பார்த்தபடி 999 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஏக்கர்க் கணக்கு கண்ணில் பதிந்த கணக்கு. எத்தனை ஏக்கருக்கு எத்தனை நிரை, எத்தனை பேர் வெட்டு என்று எங்களால் நின்ற இடத்திலிருந்தே மதிப்பிட முடியும். ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் நிலம், ஒரு முழுத் தோட்டத்தின் அளவு, பிள்ளைகள் படிப்பதற்கென்றே இருக்கிறது என்பதை என் அப்பா கண்ணால் பார்த்திருக்க வேண்டும். சரிவில் கீழே கடல் தெரிந்தது. "அம்மா, அங்கதான் எங்க செய்முறை வகுப்பெல்லாம் நடக்குமாம்" என்று மகள் கையை நீட்டிக் காட்டினாள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பிரிவுக்குப் பெயராக இருந்த கடலை, பாடத் திட்டத்தில் ஒரு பாடமாக அவள் காட்டிய அந்த நிமிடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதே நிமிடம்தான் எனக்கு மிகவும் வலித்ததும்.

விடுதி அறையில் அவளோடு தங்கப்போகிற பெண் ரானாவிலிருந்து வந்திருந்தாள். கினாபாலு மலையடியில் உள்ள ஊர் அது. மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார் அவளுடைய தாயார், டூசுன் இனத்துப் பெண்மணி. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது மலாய் மொழி மட்டுமே. இரண்டு பேரும் பிள்ளைகளின் மெத்தைகளுக்கு உறை போட்டுக்கொண்டே பேசினோம். அவர் தம் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். பம்பாங்கான் என்னும் காட்டு மாங்காயை, அதன் கொட்டையையும் துருவிச் சேர்த்து, உப்பிட்டுப் புளிக்க வைத்த ஊறுகாய். மூடியைத் திறந்ததும் அறை முழுவதும் புளிப்பும் ஒரு காட்டு மணமும் பரவியது. நான் அம்மாவின் நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவர் ஒரு துண்டை விரலால் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டினார். கசப்பு அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பம்பாங்கான் பிடித்திருந்தது.

உங்கள் ஊர் பக்கம்தானே, உங்களுக்குக் கவலை இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். தம் மூத்த மகன் ஜொகூரில் தொழிற்சாலை வேலைக்குப் போய் நான்கு ஆண்டு ஆகிறது, இரண்டு முறைதான் வந்திருக்கிறான் என்றார். அவருடைய பிள்ளை எங்கள் பக்கத்திலும் என் பிள்ளை அவருடைய பக்கத்திலுமாக, நடுவில் அதே கடல். "காக் (அக்கா), நான் வாராவாரம் வருவேன், இரண்டு பேருக்கும் சேர்த்தே சமைத்துக்கொண்டு வருகிறேன்" என்று அவர் சொன்னபோது என் தொண்டை அடைத்துக்கொண்டது. உங்கள் மகன் பேராக் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்று என் அலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். ஜொகூரிலிருந்து சுங்கை சிப்புட் எவ்வளவு தூரம் என்று அவர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நான் புறப்பட வேண்டும். விடுதி வாசலில் என்ன நடக்கும் என்று அஞ்சி, சொல்ல வேண்டிய புத்திமதிகளை முந்தைய இரவே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் தனியாக வெளியே போகாதே, காசு தீர்ந்தால் மறைக்காதே. ஒன்றையும் நான் சொல்லவில்லை. ஏனென்றால் பேசியது அவள். "அம்மா, ஐசி எடுத்துக்கிட்டீங்களா? ஏர்போட்ல குடுத்த அந்தச் சீட்டு பத்திரமா இருக்கா? போர்டிங் பாஸ் அலைபேசியில இருக்கு, சார்ஜ் போட்டுக்குங்க. கே.எல். சென்ட்ரல்ல மேல போகாதீங்க, கீழயே ரயிலுக்குக் காத்திருங்க." நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். இத்தனை ஆண்டும் பள்ளிக்கூட வாசலில் நான் அவளிடம் கேட்ட கேள்விகளை, அதே வரிசையில், அதே குரலில், இப்போது அவள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டியில் ஏறிய பிறகுதான் கவனித்தேன், என் கைப்பைக்குள் அவள் ஒரு கோடாலித் தைலப் புட்டியைப் போட்டு வைத்திருந்தாள். எனக்கு விமானத்தில் தலை வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் அரிசி டின்னுக்குப் பின்னால் மிளகாய்த்தூள் பொட்டலம் ஒன்று கிடைத்தது. நானே மெழுகுவத்தியில் வாய் ஒட்டிய பொட்டலம் அது. இது எப்படிப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அம்மா தம்முடைய நீலக் கட்டம் போட்ட கைலியைக் காணோம் என்று தேட ஆரம்பித்தார். பால் வெட்டப் போன காலத்தில் உடுத்தியது. துவைத்துத் துவைத்து வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலிந்துபோனது. துணிக்கொடி, அலமாரி, பழந்துணி மூட்டை எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாலையில் மகள் அழைத்தபோது அம்மா அதையும் ஒரு குறையாகச் சொன்னார்.

மகள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாட்டி, அது எங்கிட்டதான் இருக்கு. தலகாணிக்குப் போட்டிருக்கேன். எடை கூடிருச்சின்னு தூளை எடுத்து வெளிய வச்சிட்டேன்" என்றாள்.

"கிழிஞ்ச கைலியை எதுக்குடி எடுத்துக்கிட்டுப் போன? பெட்டியில புதுசு இருக்கே, கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்று அம்மா அதட்டினார். அலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய், இருட்டில் துளசிச் செடிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். நான் கூப்பிடவில்லை.

தீபாவளிக்கு அவள் வர மாட்டாள். சபாவில் அன்று பொது விடுமுறை உண்டு. ஆனால் ஒரு நாள் விடுமுறைக்குக் கடல் தாண்டி வந்து போகக் கட்டுப்படியாகாது. முறுக்கும் நெய்யுருண்டையும் அஞ்சலில் அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன், ரானாவ்காரப் பிள்ளைக்கும் சேர்த்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோத்தா கினாபாலுவிலும் சுங்கை சிப்புட்டிலும் கடிகாரம் ஒரே நேரத்தைத்தான் காட்டுகிறது. 1982 சனவரி 1ஆம் நாள் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளிச் சபா, சரவாக் நேரத்தோடு இணைத்தார்கள். அம்மாவுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அன்று முதல் பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் இடத்துக்கு, போகிற வழி முன்னைவிட இருட்டாகிவிட்டது என்றும், தலைவிளக்கு அதிக நேரம் எரிய வேண்டியதாயிற்று என்றும் சொல்வார். கடிகாரம் ஒன்றானாலும் சூரியன் ஒன்றாகவில்லை. அங்கே ஆறு மணிக்கெல்லாம் பொழுது புலர்ந்துவிடுகிறது. இங்கே ஏழு மணிக்குத்தான் கிழக்கு வெளுக்கும். அம்மா இத்தனை வயதிலும் பெரட்டு நேரத்துக்கே விழித்துக்கொள்கிறவர். மகள் காலையில் எழுந்ததும் அழைப்பது அவரைத்தான்.

இன்று காலை ஆறே காலுக்கு அழைப்பு வந்தது. அம்மா விளக்கைப் போடாமல் திண்ணையில் அமர்ந்து அலைபேசியை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். "அங்க விடிஞ்சிருச்சா ஆயா?" என்று வழக்கம்போலக் கேட்டார். மகள் அலைபேசியைச் சன்னல் பக்கம் திருப்பினாள். எங்கள் வாசலில் எதிர் வீட்டுக் கூரைகூடக் கண்ணுக்குத் தெரியாத இருட்டு. அம்மாவின் கையிலோ கடலும் அதன்மேல் வெயிலும். அந்த வெளிச்சம் அவர் கன்னத்திலும் மூக்குத்தியிலும் பட்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரி சரி, வெயில் ஏறுது, பசியாறிட்டுச் சீக்கிரம் கெளம்பு, வகுப்புக்கு நேரமாச்சு" என்றார்.